ஊர்க்காட்டு உரிமை மனு: சிங்கப்பூரிலிருந்து கைகொடுக்க நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்த இளைஞர்களும், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து பூர்வீக ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று நினைக்கும் குடும்பங்களும், தொண்டூழியக் குழுக்களும் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்க ஊர்க் காட்டுக்கு மரக்கன்று வாங்கித் தரலாமா?" தரலாம், ஆனால் அது முதல் வேலை கிடையாது. காட்டை யார் பார்த்துக்கொள்வது, அதில் கிடைப்பதை யார் எடுத்து விற்பது என்பது ஊரின் பெயரில் எழுத்தில் இல்லாத வரை, நீங்கள் நட்ட கன்றை ஆடு மேய்ந்தால் தட்டிக்கேட்கக்கூட ஊராரின் பேச்சுக்கு எடை இருக்காது.

அந்த எழுத்தைப் பெற்றுத்தரும் சட்டம் இந்தியாவின் வன உரிமைச் சட்டம், 2006. இதில் தனிநபர் நிலத்துக்கு ஏ படிவம், மேய்ச்சல், நீர், சிறு வன மகசூல் (வெட்டு மரம் தவிர்த்துக் காட்டில் எடுக்கும் பொருட்கள்) போன்ற பொது உரிமைகளுக்கு பி படிவம், ஊர் வழிவழியாகக் காத்துவந்த காட்டைத் தானே நிர்வகிக்கும் உரிமைக்கு சி படிவம். இந்த வழிகாட்டி பி, சி இரண்டையும் பற்றியது. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் சட்டம் தெரியாததால் தடுமாறுவதைவிட, படிகளின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டுத் தடுமாறுவதுதான் அதிகம். அதனால் வரிசையைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

1. தொடங்கும் முன்: கேட்பது யார்?

ஊர் கேட்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். இந்தச் சட்டத்தில் மனுதாரர் கிராம சபை, அதாவது ஊரின் வயதுவந்தோர் எல்லாரும் கூடும் சபை. வெளியாள் எவ்வளவு உழைத்தாலும் அவர் பெயர் எந்தத் தாளிலும் வராது, வரவும் கூடாது. உங்கள் தொடர்பு ஊரில் ஒரே ஒரு ஆளோடு மட்டும், அதுவும் அவர் ஒரு அரசியல் கட்சியின் கிளைப் பொறுப்பாளர் என்றால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளும் அந்தக் கட்சியின் தாளாகப் பார்க்கப்படும். குறைந்தது மூன்று வெவ்வேறு குடும்பங்கள், அதில் காட்டுக்குள் தினமும் போகும் பெண்கள் இருவராவது, உங்களோடு நேரடியாகப் பேசும் நிலை வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னொன்றையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கிடைக்கப்போகும் உரிமை விற்கக்கூடிய சொத்து இல்லை. "பட்டா வந்ததும் ரெண்டு ஏக்கர் எனக்கு எழுதிக் கொடுப்பாங்களா" என்று இங்கே ஒருவர் கேட்டாலே அந்த ஆளை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். அந்தப் பேச்சு ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் மொத்த நம்பிக்கையும் போய்விடும்.

2. காசு: வசூல் தொடங்குவதற்கு முன் சட்டம்

இந்தப் படியை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். தள்ளாதீர்கள், ஏனென்றால் இதில் தவறினால் மாட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, ஊரில் இருப்பவர்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம்: வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொது வேண்டுகோளில் திரளும் நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே சமூக மன்றத்தில் ஒரு விருந்து வைத்து உண்டியல் குலுக்கி மொத்தத்தையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். குடும்பம், நண்பர்கள் என்று சிறு வட்டத்துக்குள் சேர்ப்பதானாலும் உங்கள் நிலைமைக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆணையர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பக்கம்: வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அதாவது எஃப்சிஆர்ஏ. சிங்கப்பூர்க் குடிமகன் அனுப்பும் நன்கொடை, அவரிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. யார் வாங்குகிறார்களோ அவர்களே செலவழிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அப்படித் தருபவர் தன் கடவுச்சீட்டு நகலையும் அனுப்பி வைப்பது நல்லது.

"என் மாமா கணக்குக்கு அனுப்பிடுறேன், அவர் குழுவுக்குச் செலவு பண்ணிக்கட்டும்" என்பதுதான் அடிக்கடி கேட்கும் யோசனை. வேண்டாம். உறவினருக்கு வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வேறு, அவர் கணக்கை ஒரு அமைப்பின் வழியாக ஆக்குவது வேறு.

உண்மையில் இந்த வேலைக்குப் பெரிய காசு தேவைப்படாது. படிவங்கள் இலவசம், மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நகல், வேன் வாடகை, கூட்டத்தன்று சாப்பாடு, அவ்வளவுதான். கவனிக்க வேண்டிய செலவு ஒன்று உண்டு: கூலி வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

3. எந்த கிராம சபை என்பதை முடிவு செய்தல்

ஊராட்சி கிராம சபை என்பது பல குக்கிராமங்கள் சேர்ந்தது. மலையில் இருக்கும் நாற்பது வீடு அந்தப் பெரிய சபையில் சிறுபான்மை. கீழே இருப்பவர்களுக்குக் காடு அன்றாடத் தேவையாக இருக்காது. இந்திய அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதால், குக்கிராம சபை தானாகவே அமைந்துவிடும் என்றும் இருக்க முடியாது.

2012-இல் திருத்தப்பட்ட விதிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வருவாய் ஆவணத்தில் தனிக் கிராமமாக இல்லாத குக்கிராமங்களையும் குடியிருப்புகளையும் பட்டியலிட்டு, இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குத் தனிக் கிராமமாகவே ஏற்கலாம். முதல் கடிதம் இதைக் கேட்டுத்தான் போக வேண்டும். இதை விட்டுவிட்டு நேராக சி படிவத்துக்குப் போனவர்கள், பாதி ஆள் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் தீர்மானமே செல்லாமல் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பாதி ஆள் கணக்கு இதுதான்: சபை உறுப்பினர்களில், அதாவது ஊரின் வயதுவந்தோர் எல்லாரிலும், குறைந்தது பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும், மனுவைப் பற்றிய தீர்மானம் என்றால் மனுதாரர்களில் பாதிப்பேரோ அவர்கள் சார்பாளர்களோ இருக்க வேண்டும். திருப்பூரிலும் கேரளத் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் சிதறிக் கிடக்கும் ஊரில் இது லேசான காரியமில்லை. பொங்கல் விடுமுறையையோ ஊர்த் திருவிழாவையோ ஒட்டி நாள் குறியுங்கள். புளி உலுக்கும் மாதங்களில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

4. வன உரிமைக் குழு

ஊராட்சி கூட்டும் முதல் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழங்குடியினர் வாழும் ஊரென்றால் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், எந்த ஊரானாலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழு தனக்கென்று தலைவரையும் செயலரையும் தேர்ந்தெடுத்து, கோட்ட அளவிலான குழுவுக்கு (மனுக்களை அடுத்த நிலையில் பரிசீலிக்கும் அரசுக் குழு) தெரிவிக்க வேண்டும்.

இங்கே பெரிய குழப்பம் ஒன்று வரும். பல ஊர்களில் வனத்துறை அமைத்த கிராம வனக்குழு ஏற்கனவே இருக்கும். "குழுதான் இருக்கே, எதுக்கு இன்னொண்ணு" என்பார்கள். அது துறையின் திட்டத்தின்படி நடப்பது. இது சட்டத்தின்படி கிராம சபை தேர்ந்தெடுப்பது. அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய எதுவும் இந்த மனுவுக்கு உதவாது. அந்தக் குழுவில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், காட்டு எல்லை நன்றாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தீர்மானத்தை முழுவதும் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, அதற்குக் கீழேதான் கையெழுத்தும் கைநாட்டும். வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்து வாங்கி வைப்பது அவசரத்தில் நடக்கும் பழக்கம். அப்படி ஒரு தாள் இருந்தது என்று தெரிந்தால் எதிர்ப்பவர்கள் மொத்த மனுவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்கள்.

5. ஆதாரம்: சிங்கப்பூரிலிருந்து அதிகம் செய்யக்கூடிய வேலை

விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் கேட்கின்றன, ஆனால் குறிப்பிட்ட ஒன்று இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ள முடியாது. "சாட்டிலைட் படம் வேணும், இல்லன்னா முடியாது" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால், செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணைதான், மாற்று இல்லை என்று 2012 விதியே சொல்வதை மரியாதையாக எடுத்துக்காட்டுங்கள்.

பொது உரிமைக்குச் செல்லும் ஆதாரங்கள் நீங்கள் நினைப்பதைவிட எளியவை: வழக்கமாக மேய்த்த இடம், கிழங்கும் பழமும் எடுக்கும் இடம், மூலிகை எடுக்கும் பகுதி, சுனை, பழைய வாய்க்கால், கோயில் காடு, இடுகாடு. இவற்றோடு மாவட்ட கெசட்டியர்கள் (ஒவ்வொரு மாவட்டத்தைப் பற்றியும் அரசு வெளியிட்ட விவரத் தொகுப்புகள்), வனத்துறையின் பழைய செயல்திட்டங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நில அளவைப் பதிவுகள். பழைய கெசட்டியர்களில் பலவும் மின்வடிவில் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் மலையின் பெயர், ஊரின் பெயர், எடுத்த பொருள் எது என்று தேடிப் பக்கத்தோடு குறித்து வைப்பது மாலை வேளைகளில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தே முடிக்கக்கூடிய வேலை. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களைக் கண்டபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரம்தான், எழுத்தில் இருக்க வேண்டும். விதியில் கவனிக்க வேண்டிய இடம், மனுதாரர் அல்லாத பெரியவர் என்பது. முழு ஊரும் மனுதாரராக இருக்கும்போது உள்ளூர்த் தாத்தாவின் வாக்குமூலத்தை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து ஊர்ப் பெரியவர், முன்பு அங்கே வேலை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்றவர்களிடமும் வாங்குங்கள். அங்கே ஒருவர் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, இங்கே நீங்கள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப, அங்கே அவருக்கு வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கலாம். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நடையைத் திருத்தி அழகாக்கினால் நேரில் விசாரிக்கும்போது அவர் பேச்சும் தாளும் பொருந்தாது.

பழங்குடியினர் அல்லாத பிற பாரம்பரிய வனவாழ்நர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அவர்களும் கலந்து வாழும் ஊரில் இந்தத் தேடல் நீளும், முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

6. வரைபடம்: எல்லை நடை

காட்டின் எல்லையை மேசையில் வரையாதீர்கள். ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் முன்னே நடக்க, இளைஞர்கள் போனில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் எல்லைக் கல்லும் பாதையும் வரும். சீயக்காய்க் கொடி எங்கே, கோடையில் வற்றாத சுனை எது, விறகு எந்தப் பக்கம் என்பது விட்டுப்போகும். பி படிவத்துக்கு உயிர் கொடுப்பது இந்த இரண்டாவது விவரம்தான். சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வனத்துறை, வருவாய்த்துறை வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கொடுப்பது கோட்ட அளவிலான குழுவின் கடமை, எழுதிக் கேளுங்கள்.

நடப்பதற்கு முன்பே பக்கத்து ஊர்களிடம் பேசிவிட வேண்டும். இரண்டு ஊரும் ஒரே காட்டைப் பயன்படுத்துவது சாதாரணம். அப்படியானால் இரண்டு வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, முடிவை எழுத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பேசாமல் கோடு போட்டால் எதிர்மனு வரும், அலுவலகத்துக்கு அதைவிட வசதியான தாமதக் காரணம் கிடையாது.

நீங்கள் நேரில் போவதாக இருந்தால்: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். மலையேறும் பழக்கமுள்ளவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, செயற்கைக்கோள் போன் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது, இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். டிரோனையும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அதன்பின் கள ஆய்வு. குழு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால், வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் வந்து உடனிருந்து, பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். அறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் வராவிட்டால் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும்.

7. படிவம், தீர்மானம், மேலே அனுப்புதல்

பி, சி இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். சி மட்டும் போனால் நிர்வாக உரிமை வரும், ஆனால் மீன், மேய்ச்சல், மகசூல் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லாததை வைத்துப் பிறகு தகராறு வரும். சிறு வன மகசூல் என்பதில் மூங்கில், தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை எல்லாம் அடங்கும், வெட்டு மரம் அடங்காது. புளி, கடுக்காய், நெல்லி, பூந்திக்கொட்டை, கல்பாசி, சீமாற்றுப்புல் என்று ஊரில் எடுப்பதை எல்லாம் ஊர்ப் பெயரிலேயே எழுதுங்கள்.

கிராம சபை தீர்மானத்தோடு கோப்பு கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். முடிவு அங்கேதான். மேல்குழு ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கோட்ட அளவிலான குழுவின் பாதகமான முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். வாய்மொழியாக "தள்ளியாச்சு" என்று சொன்னால் அது முடிவே இல்லை, தாளைக் கேளுங்கள். "இது புலிகள் காப்பகம், இந்தச் சட்டம் இங்க செல்லாது" என்றும் சிலர் சொல்வார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா உட்பட எல்லா வனநிலமும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது.

கோப்பு நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமக்கள் மட்டுமே போட முடியும் என்பதால் சிங்கப்பூர்க் குடிமக்கள் தங்கள் பெயரில் அனுப்ப வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுகிற வேலையும் ஊராருடையது. இங்கே மதியம் 12.30 என்றால் அங்கே காலை 10 மணி, அலுவலகம் திறக்கும் நேரம். உங்கள் சாப்பாட்டு இடைவேளையில் குழுச் செயலரைக் கூப்பிட்டு, அன்று யாரைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள், அது போதும்.

8. உரிமைச் சான்று வந்த பிறகு

பெரும்பாலானோர் இங்கே விழா எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஊராரின் வாழ்க்கை மாறத் தொடங்குவதே இதற்குப் பிறகுதான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா-லேகா கிராமம் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. 2011-இல் மூங்கிலைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிக்கும் போக்குவரத்துச் சீட்டை வழங்கும் அதிகாரம் கிராம சபையின் கைக்கு வந்த பிறகுதான் அதைத் தானே விற்றுக் காசு பார்க்க முடிந்தது. சான்றுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை உங்கள் ஊரில் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

கிராம சபை முதலில் காட்டுப் பாதுகாப்புக்கு ஒரு குழு அமைக்க வேண்டும். மகசூலை வெளியே கொண்டுபோகும் சீட்டை வழங்குவது இந்தக் குழுதான். அப்புறம் நிர்வாகத் திட்டம். அதைப் பெரிய ஆவணமாக்கித் தராதீர்கள், ஊரில் படிக்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் வாசித்துக்காட்டும் அளவு போதும்: நெல்லிக்குக் கிளை வெட்டக் கூடாது, கிழங்கு தோண்டினால் ஒரு பகுதியை மண்ணிலேயே விட வேண்டும், தேனடையை முழுதும் எடுக்கக் கூடாது, எந்தப் பகுதிக்கு எந்த ஆண்டு ஓய்வு, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு எங்கே, காட்டில் பரவும் களையான உண்ணிச்செடியை எங்கிருந்து அகற்றத் தொடங்குவது, முறைக்காவல் யார் யார். கன்று நடுவது இதில் கடைசி வரி. வேர் உயிரோடு இருக்கும் காட்டைத் தீயிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் காத்தாலே பெரும்பாலும் தானே துளிர்த்துவிடும்.

வருமானப் பக்கம் முதலில் கேட்க வேண்டியது, புளியை இப்போது யார் வாங்குகிறார், முன்பணம் யாரிடம் வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான். மழைக்காலத்தில் வாங்கிய முன்பணத்துக்காக அறுவடையை வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்கும் வீடுகளுக்கு, உரிமைச் சான்றால் மட்டும் ஒரு ரூபாயும் கூடாது. கடனை அடைக்க மகளிர் குழு வழியாக ஒரு சுழல்நிதி, புளியைக் கொட்டை எடுத்துக் காயவைத்துச் சேமிக்க ஒரு அறை, எடை போட ஊருக்குச் சொந்தமான தராசு, இந்த மூன்றும்தான் முதலில். இரண்டாம் படியில் சொன்ன வழியில் வரும் காசை இதற்கு வையுங்கள். பக்கத்தில் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கேயும் விலை கேட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

மலைத்தேனைத் தேக்காவில் விற்கலாம் என்ற யோசனை கட்டாயம் யாராவது சொல்வார்கள். விற்பனைக்கு உணவுப் பொருளை இங்கே இறக்குமதி செய்ய சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உரிய உரிமமோ பதிவோ வேண்டும், தொடர்ந்து ஒரே தரத்தில் சரக்கும் வேண்டும். முதல் இரண்டு பருவம் பக்கத்து வாரச்சந்தையிலும் மாவட்டத் தலைநகரிலும் விற்றுக் கணக்கு எழுதிப் பழகட்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தில் காசு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற பத்தியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பொறுக்கிய பெண்ணின் பெயர் அங்கே இல்லாவிட்டால் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.